மண்டி கணினியை விண்டோஸ் ஏன் தள்ளியது?

கேள்வி: எங்கள் மாங்காய் மண்டியில் பில் போடுவது ஒரு பழைய கோர் 2 டுவோ கணினி. விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். 24எச்2 பதிப்பு போட்டதும் பூட்டே ஆகவில்லை. லினக்ஸ் மட்டும் ஏறுகிறது. பிராசசரில் என்ன இருக்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இதே கோபத்தோடு சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப், பிராசசர் பட்டியல் எல்லாம் இன்ஸ்டாலர் போடும் தடை. அதை ஏமாற்றலாம், நீங்களும் ஏமாற்றிவிட்டீர்கள். 24எச்2 விஷயம் வேறு. எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி என்ற பிராசசர் கட்டளைகள் கெர்னலுக்குள்ளேயே, அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே, கலந்திருக்கின்றன. இன்டெலில் இவை 2008-ல் வந்த நெஹலேம் தலைமுறையோடுதான் வந்தன. உங்கள் கோர் 2 டுவோவுக்கு அந்தக் கட்டளைகளே தெரியாது.

என்னைக் கேட்டால், ஒரு வசதி இல்லாவிட்டால் கெர்னல் தப்பாக நடக்குமா, மெதுவாக நடக்குமா என்று பார்க்க வேண்டும். தப்பாக நடக்கும் என்றால் கறாராகக் கேட்கலாம்.

இன்டெலின் பழைய 386 பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் லினக்ஸ் பிறந்ததே அதில்தான். ஆனாலும் 2013-ல் வந்த 3.8 கெர்னலில் அதைக் கழற்றிவிட்டார்கள். ஒரு நினைவகப் பக்கத்தை 'படிக்க மட்டும்' என்று பூட்டி வைத்தாலும், எழுதுவது கெர்னல் என்றால் 386 அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாது. அதனால் எழுதும் முன் ஒவ்வொரு முறையும் கெர்னலே சோதிக்க வேண்டும். 'மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் புதியதை எழுது' என்பதை ஒரே மூச்சில் செய்யும் கட்டளையும் அதில் கிடையாது, அடுத்த தலைமுறையான 486-ல்தான் வந்தது. இதற்கெல்லாம் சுற்றுவழிக் கோட் எழுதி வைக்கலாம். ஆனால் அதை ஓட்டிப் பார்க்க யாரிடம் 386 இருக்கிறது? சோதிக்காத கோடில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கழற்றியது சரிதான்.

விண்டோஸ் 8 என்எக்ஸ் வசதியைக் கட்டாயமாக்கியதும் சரி. டேட்டா இருக்கும் இடத்திலிருந்து எந்தக் கோடும் ஓடாமல் தடுப்பது அது.

பாப்சிஎன்டி அப்படியா? ஒரு எண்ணில் எத்தனை 1 பிட் இருக்கிறது என்று எண்ணும், அவ்வளவுதான். சாதாரணக் கட்டளைகள் சிலவற்றைச் சேர்த்தே அந்த வேலையை முடிக்கலாம். லினக்ஸ் அதைத்தான் செய்கிறது. பூட் ஆகும்போது பிராசசரிடம் கேட்டு, 'இருக்கிறது' என்றால் தன் கோடிலேயே அந்த இடத்தில் பாப்சிஎன்டியை ஒட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் பழைய வழி. இரண்டு வழியையும் சோதிக்கும் தலைவலி மிச்சம் என்பது மைக்ரோசாஃப்டுக்கு நியாயமாக இருக்கலாம். உங்கள் மண்டிக்கு அது நியாயமில்லை.

அதற்காக எல்லா லினக்ஸும் ஏறும் என்று நினைக்காதீர்கள். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ம் எஸ்எஸ்இ4.2 கேட்கும். டெபியன் 13-இன் 64 பிட் பதிப்பைப் போடுங்கள். அதற்கு முன் பில் சாஃப்ட்வேர்காரரிடம் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுவிடுங்கள். சீசன் நடுவில் கேட்டால் ஃபோன் எடுக்க மாட்டார்.

கேள்வி: கெர்னலே ஏவிஎக்ஸ்2-ஐக் கட்டாயமாக்கினால் வேகம் கூடாதா?
– ஒரு மாணவி, பாலக்கோடு

பதில்: பெரிதாகக் கூடாதும்மா. ஏவிஎக்ஸ்2 என்பது பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி. அதற்கென்று பிராசசருக்குள் ரெஜிஸ்டர் என்ற பெரிய சேமிப்பிடங்கள் இருக்கின்றன. அந்தப் பெரிய ரெஜிஸ்டர்களைத் தொட்டால், புரோகிராம் அதில் வைத்திருந்ததைக் கெர்னல் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். அதனால் என்கிரிப்ஷன், ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து டேட்டாவைக் காப்பது) மாதிரி சில இடங்களில் மட்டுமே பயன்படுத்துகிறது. ரெய்டு6 போட்ட லினக்ஸ் சர்வரின் பூட் லாகைப் பாருங்கள்: நாலைந்து முறைகளை ஓட்டிப் பார்த்து, வேகமானதைத் தானே தேர்ந்தெடுத்ததாக ஒரு வரி இருக்கும்.