வண்டுகள் தம் உடலில் வைத்திருக்கும் நஞ்சு அவற்றையே ஏன் பாதிப்பதில்லை?

பல வண்டுகள் நஞ்சை நஞ்சாகவே சேமிப்பதில்லை என்பதுதான் முதன்மையான விடை. அதன் மூலப்பொருள்களை வைத்திருந்து, ஆபத்து நேரும் நொடியில்தான் நஞ்சாக்குகின்றன.

பாம்பார்டியர் வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் இரண்டு சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு அறைகள். பெரிய அறையில் ஹைட்ரோகுவினோன்களும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்றாகக் கலந்தே இருந்தாலும், வினையை முடுக்கும் நொதிகள் தடித்த சுவருடைய சிறிய அறையில் இருப்பதால் அங்கே பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. எறும்பு கடித்ததும் தசைகள் சுருங்கி, இடையிலுள்ள வால்வு வழியே திரவம் சிறிய அறைக்குள் பாய, பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வெளிப்பட, ஹைட்ரோகுவினோன் எரிச்சலூட்டும் பென்சோகுவினோனாக மாறுகிறது. வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அந்த அழுத்தமே திரவத்தைப் பீய்ச்சியடிப்பதோடு வால்வையும் மூடிவிடுவதால், வெடிப்பு சேமிப்பறைக்குப் பரவுவதில்லை. அழுத்தம் தணிந்ததும் வால்வு மீண்டும் திறக்கிறது. இது நொடிக்குச் சுமார் 500 முறை நிகழ்வதை தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-இல் அளந்து காட்டினார்கள். பூச்சிகளின் வேதியியலில் இதைவிட அழகான அமைப்பை நான் அறிந்ததில்லை.

பாப்லர் இலைகளைத் தின்னும் ஒருவகை இலைவண்டின் புழு, இலையிலிருந்து பெறும் சாலிசின் என்னும் பொருளை முதுகிலுள்ள சுரப்பிகளுக்கு அனுப்பி, அங்கேதான் சாலிசிலால்டிஹைடு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. பிரியும் சர்க்கரையையும் அது வீணாக்குவதில்லை.

ஆனால் இந்த விளக்கம் எல்லா வண்டுகளுக்கும் பொருந்தாது. 1810-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் ரோபிக்கே பிரித்தெடுத்த காந்தாரிடின் என்னும் நஞ்சு, கொப்புள வண்டின் இரத்தத்திலேயே கலந்திருக்கிறது. ஆண் அதைப் புணர்ச்சியின்போது பெண்ணுக்கு அளிக்க, அதன் வழியே முட்டைகளும் காப்புப் பெறுகின்றன. கருப்பும் ஆரஞ்சும் கலந்த பெடரஸ் என்னும் சிறுவண்டின் இரத்தத்திலுள்ள பெடரின் என்னும் நஞ்சையோ வண்டு தயாரிப்பதே இல்லை. அதனுள் வாழும் பாக்டீரியாக்கள்தாம் தயாரிக்கின்றன. ஓரிரவு விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் ஊர்ந்த ஒன்றை அறியாமல் நசுக்கிவிட்டேன். அப்போது எதுவும் தெரியவில்லை, மறுநாள்தான் தீக்காயம் போன்ற கோடு எழுந்தது. இந்த வண்டு கடிப்பதுமில்லை, பீய்ச்சுவதுமில்லை. நசுங்கி இரத்தம் தோலில் பட்டால்தான் புண்ணாகும். ஆகவே உடலில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.