ஜிப்ரால்டர் துணிக்கடையும் சுங்க ஒன்றியமும்

கேள்வி: ஜிப்ரால்டரில் சிறிய துணிக்கடை நடத்துகிறேன், டி-ஷர்ட்களைத் திருப்பூரிலிருந்து தருவிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியம் (தமக்குள் சுங்கவரி இல்லாமல், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே தீர்வை விதிக்கும் ஏற்பாடு) அமையும் என்கிறார்கள். 1973 முதல் எங்களுக்கு இருந்த விலக்கைக் காட்டி வழக்குத் தொடர முடியுமா?

பதில்: வழக்கு நிற்காது. பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது, 1972 இன் சேர்க்கை ஆவணம், ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டரைப் பொதுச் சுங்கவரிக்கும் மதிப்புக்கூட்டு வரிக்கும் வெளியே வைத்தது உண்மைதான். ஆனால் அது அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. கடைக்காரருக்கு அதில் தனியுரிமை எதுவும் பிறக்கவில்லை. பிரிட்டன் விலகி, 2020 டிசம்பர் 31 உடன் இடைக்காலமும் முடிந்தபின் அந்த ஏற்பாடும் போயிற்று. அந்த விலக்கு முழு லாபமாக இருந்ததும் இல்லை: ஜிப்ரால்டர் சுங்க எல்லைக்குள் இல்லாததால், சரக்குகளின் தடையற்ற நடமாட்டம் பற்றிய விதிகள் அதற்குப் பொருந்தா என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது.

பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த ஜெர்சி முதலிய கால்வாய்த் தீவுகள் அதே சமயத்தில் வேறு வழியில் போயின. மூன்றாம் நெறிமுறை என்ற தனி ஏற்பாட்டின்படி அவற்றின் சரக்குகள் சுங்க எல்லைக்குள் வந்தன. சிக்கல் எழுந்தால் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கவும் அதிலேயே ஒரு பிரிவு இருந்தது. இத்தகைய பகுதிகளுக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பிரிட்டன் என்பதால், இத்தகைய பிரிவு வேண்டுமென்றால் வணிகர்கள் தம் உள்ளூர் அரசு வழியாக முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூன் 11 இல் செய்த அரசியல் உடன்பாட்டின்படி ஜிப்ரால்டரில் சரக்குகள் மீதான பரிவர்த்தனை வரி 15 சதவீதத்தில் தொடங்கி, மூன்று ஆண்டுகளில் 17 ஆக உயரும். இது தவிர, ஆடை இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படைச் சுங்கத் தீர்வை பெரும்பாலும் 12 சதவீதம். இந்தியச் சரக்குக்குச் சலுகை உண்டா என்பதை இறக்குமதி நாளின் நிலவரப்படி பார்க்க வேண்டும். சலுகை இருந்தாலும், சரக்கு இந்தியாவில் தயாரானதற்கான உரிய சான்று இல்லாவிட்டால் அது கிட்டாது.

ஆகவே திருப்பூருக்கு அடுத்த ஆர்டர் அனுப்பும்போது, அந்தச் சான்றைத் தருவது விற்பவரின் பொறுப்பு என்றும், புதிய வரி வந்தால் அதை யார் ஏற்பது என்றும் எழுத்தில் சேருங்கள். கையிருப்புச் சரக்கின் இன்வாய்ஸ்களையும் தீர்வை செலுத்திய ரசீதுகளையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். பழைய இருப்புக்கு இடைக்காலச் சலுகை ஏதேனும் கிடைத்தால், முதலில் கேட்கப்படுவது அவையாகத்தான் இருக்கும்.