பலதுறைத் தொழிற்கல்லூரியில் அப்ளைடு சயின்ஸ் படிப்பது தாழ்வா?

சிங்கப்பூரில் ஓ லெவல் (உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகள், ஜேசி எனும் ஜூனியர் காலேஜ் வேண்டாம், பாலிடெக்னிக்கில் அப்ளைடு சயின்ஸ்தான் என்கிறாள், அது மட்டமான படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை அக்கா. மூன்று ஆண்டு டிப்ளோமா. தெமாசெக், ரிபப்ளிக் பாலிடெக்னிக் இரண்டிலும் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. பாதிப் படிப்பு கையில்தான் இருக்கிறது: நிறங்காட்டி கலந்த அமிலக் குடுவைக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஸ் நிறம் கலக்கியும் மறையாமல் நிற்கிற அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும், ஒன்றிரண்டு சொட்டு கூடிப்போனால் நிறம் அடர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஜூரோங் தீவு ரசாயன ஆலையிலோ துவாஸ் மருந்துத் தொழிற்சாலையிலோ பிறகு சோறு போடப்போவது இந்தப் பொறுமைதான். அப்புறம், பல்கலைக்கழகக் கதவும் மூடிவிடாது, ஜிபிஏ (டிப்ளோமாவின் சராசரி மதிப்பெண்) நன்றாக இருந்தால் என்யூஎஸ், என்டியூ போன்ற பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியைச் சுற்றிப் பார்க்க விடும் ஓப்பன் ஹவுஸ் அன்று அவளோடு நீங்களும் லேபுக்குள் போய்ப் பாருங்கள்.