பழைய பைபர் படகுக்கு அரச மானியம்: எஞ்சினுக்கு முதல் பின்பலகையைப் பாருங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்துக் காரைநகரில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். 18 அடி பைபர் படகு, வயது 20க்கு மேல், 9.9 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். மானியம் கிடைத்தால் படகை அப்படியே வைத்துக்கொண்டு 25 எஞ்சின் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். சரிவருமா?

இப்போதைக்குச் சரிவராது. 25 குதிரைவலு எஞ்சின் 50 கிலோவுக்கு மேல் பாரம். பாரத்தைவிட அது தள்ளும் விசைதான் எஞ்சின் பூட்டும் பின்பலகையைப் பிளக்கும். அந்தப் பலகையின் நடுவில் இருப்பது ஒட்டுப்பலகை. ஆணித்துளையை அடைக்காமல் பூட்டியிருந்தால் வருடக்கணக்காக உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே பைபர் பளபளவென்று இருக்க, உள்ளே பலகை உக்கிப்போயிருக்கும்.

இதைக் கரையிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினைச் சரித்து உயர்த்தி அதன் அடிக்காலைக் கையால் அமுக்குங்கள். பின்பலகை வளைந்தால் கோளாறு. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். ‘டக்’ என்ற கெட்டிச் சத்தம் ‘தொப்’ என்று மாறும் இடத்தில் பைபர் படை பலகையை விட்டுக் கழன்றிருக்கிறது. சந்தேகமான இடத்தில் உட்பக்கமாக 6 மில்லிமீற்றர் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். வெளிறிக் காய்ந்த தூள் நல்லது; கறுத்து ஈரமாக, புளித்த மணத்தோடு வந்தால் பலகையை மாற்றத்தான் வேண்டும். பழுது பின்பலகையோடு நின்றால் திருத்தம் போதும். அடிப்பாகம் பல இடத்தில் மெத்தென்றிருந்தாலோ உள்நெடுக்குச் சட்டங்கள் கழன்றிருந்தாலோ திருத்தத்தில் காசைப் போடாமல் புதுப் படகுக்கே விண்ணப்பியுங்கள்.

திருத்தம் பிழைப்பது பெரும்பாலும் அவசரத்தால். முதலில் நல்லதண்ணீரால் உப்பைக் கழுவி, கூரைக்குக் கீழ் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் றெசின் (பைபரை ஒட்டும் பிசின்) பிடிக்காது. வெடிப்பின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்கும் அகலம் பைபரின் தடிப்பைப்போல் 12 மடங்கு: 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 6 சென்ரிமீற்றர். 450 கிராம் கண்ணாடி இழைப் பாய் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோ றெசின் குடிக்கும். நம் வெயிலுக்கு, றெசினை இறுகவைக்கும் கற்றலிஸ்ற் 1 சதவீதம் அளவில் போதும், கூட்டினால் சூடேறி வெடிப்பு விழும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ற்றையும் கற்றலிஸ்ற்றையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

வலுவைக் கூட்டப் பொதுப்பணம் கேட்பது வேறிடங்களிலும் கடினம்தான். பிரான்சின் றியூனியன் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு செல்லுபடியாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 நிதி விதிப்படி, சிறு கரையோரப் படகுக்கு எஞ்சின் மாற்ற உதவி கேட்டால் புதியது பழையதைவிட வலுக்கூடியதாக இருக்கக் கூடாது; படகும் குறைந்தது 5 வருடமாவது பதிவில் இருந்திருக்க வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் வலுவைக் கூட்டினால் அதே மீனுக்குக் கூடுதல் எண்ணெய் எரியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது எத்தனை படகு கரையில் கிடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனிக் கடதாசி வேலை. கைமாறி வாங்கிய படகின் பதிவு இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கிறதா? அந்த ஒன்றிலேயே கோப்பு மாதக்கணக்கில் நின்றுவிடும். உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் பெயர்மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். எஞ்சின் இலக்கம் பதிவோடு பொருந்துகிறதா, இந்த வருடத் தொழில் அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்றொழிலாளர் சங்கக் கடிதத்தையும், படகுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி விலைக்கோரலையும் எடுத்து வையுங்கள். திட்டம் அறிவித்த பிறகு ஓடித்திரிந்தால் காலம் போதாது: அரச நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது, செலவழியாத ஒதுக்கீடு பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கு வராது.

எழுத்தில் அனுமதி வருமுன் முற்பணம் கட்டாதீர்கள். மானியம் போக நீங்கள் போடும் பங்குக் காசு முழுவதையும் படகில் போட்டுவிடவும் வேண்டாம். இந்திய றோலர்கள் (இழுவைப் படகுகள்) வலையை அறுத்துப்போகும் கடல் இது. ஒரு தொகுதி வலைக்காவது காசு ஒதுக்கி வைத்தால்தான் புதுப் படகு கடனோடு கரையில் நிற்காது.

படகோ எஞ்சினோ கைக்கு வரும் நாளில் இலக்கங்களை ஆவணத்தோடு ஒப்பிட்டபின் கையெழுத்திடுங்கள். எஞ்சின் காலின் நீளத்தையும் பாருங்கள்: பின்பலகை உயரம் 15 அங்குலமானால் குட்டைக்கால், 20 ஆனால் நெட்டைக்கால். சுழலிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் தாழவோ நிற்க வேண்டும். பூட்டும்போது ஒவ்வொரு ஆணித்துளைக்குள்ளும் கடல்நீர் தாங்கும் பசையை நிறைத்தபின் ஆணியை இறுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.