ஒரு நாணயத்துக்கு ஒரு கிலோ தேயிலையா? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அம்மா 34 வருசம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் சேர்ந்து 9 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு புதிய கிரிப்டோ நாணயத்தில் போடச் சொல்கிறார். ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள், நானும் போனேன். இலங்கைத் தேயிலையை வைத்து வரும் நாணயமாம். மொத்தம் 50 கோடி நாணயம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிலோ தேயிலைத்தூள் இருக்குமாம். இப்போது முன்விற்பனையில் ஒன்று 30 ரூபாய், சந்தைக்கு வந்ததும் 300 ஆகுமாம். அதுவரை மாதம் 12 வீதம் தருவார்களாம். ஆள் சேர்த்தால் அவர் போடும் காசில் 10 வீதம் நமக்கு. கம்பனிப் பதிவுச் சான்றிதழும், ஒயிட் பேப்பர் என்று 40 பக்கத் திட்ட விளக்கமும் காட்டினார்கள். அண்ணன் தான் போட்டதில் 30,000 ரூபாயைத் திரும்ப எடுத்தும் காட்டிவிட்டார். வருகிற ஞாயிறு கடைசி நாள். இடம் பிடிக்க நான் 25,000 கட்டிவிட்டேன். அம்மாவின் காசைப் போடலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஒரு சதமும் போடவேண்டாம். ஞாயிற்றுக்கு முன்னால் இந்தப் பதிலை முழுதாக வாசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்குமோ தெரியாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைக் கண்டுபிடிக்கக் கணினி படித்த ஆள் தேவையில்லை. உங்கள் வீட்டிலேயே அம்மா இருக்கிறார். எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால் ஒரு கிலோ தூள் வரும் என்று அவரிடம் கேளுங்கள். நாலரை, ஐந்து கிலோ என்பார். அப்படியென்றால் 50 கோடி கிலோ தூளுக்கு 225 கோடி கிலோவுக்குக் குறையாமல் கொழுந்து வேண்டும். சரி, கொழுந்தை விடுங்கள். மலைநாடு, காலி, மாத்தறை, இரத்தினபுரி என்று இந்த நாடு முழுக்கச் சேர்த்து 2024இல் உற்பத்தியான தேயிலையே சுமார் 26 கோடி கிலோதான். நாட்டின் உச்சமான 2013ஆம் ஆண்டில்கூட 34 கோடி. மண்டபத்தில் மேடை போட்டவர்கள் முழு இலங்கையின் இரண்டு வருச விளைச்சலுக்குக் கிட்ட வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். எந்தக் களஞ்சியத்தில்? தேயிலை வைத்திருந்தால் விலை ஏறும் தங்கமும் இல்லை, நாள் போகப்போக மணம் போய்விடும் சரக்கு.

இன்னொரு கணக்கு. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தூள் சராசரியாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு நாணயத்துக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கிலோ இருந்தால் அதை ஏன் 30 ரூபாய்க்கு உங்களிடம் விற்கவேண்டும்? தேயிலையையே ஏலத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கலாமே. எந்தத் தொழிற்சாலை, தேயிலைச் சபையில் அதன் பதிவு எண் என்ன, எந்தத் தரகர் வழியாக ஏலத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். தேயிலைத் தொழிலில் இருக்கிற ஆளுக்கு இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்கும்.

பொதுவாகவே நான் பார்க்கிற முதல் இடம் இதுதான். கிரிப்டோ சம்பந்தப்பட்ட பகுதி நமக்குப் புரியாது, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் எந்தத் திட்டமும் எங்காவது ஓரிடத்தில் நமக்குத் தெரிந்த உலகத்தைத் தொடத்தான் வேண்டும். தேயிலை, தங்கம், காணி, ஹோட்டல், ஏதோ ஒன்று. அந்த இடத்தில் பிடித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அண்ணன் எடுத்துக் காட்டிய 30,000. உங்களை அசைத்தது ஒயிட் பேப்பர் இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் பொய் சொல்லவில்லை. அந்தக் காசு உண்மையில் வந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்பதுதான் விசயம். பின்னால் சேர்ந்த பத்துப் பேரின் காசில் ஒரு பிடியை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்தால் அவரே ஊர் முழுக்கச் சொல்லி இன்னும் இருபது பேரைக் கொண்டுவருவார். தூண்டிலில் குத்துகிற புழுவுக்குச் செலவு பார்ப்பவர் உண்டா?

அண்ணனின் போனில் மிச்சம் எவ்வளவு காட்டுகிறது? லட்சக்கணக்கில் காட்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு முள் எதிரில் ஆடும்போதே சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்துவிட்டதாக நம் அம்மாமார் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறார்கள். அங்கே தராசாவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த ஆப்பில் தெரிகிற தொகையை அவர்களே தட்டச்சு செய்கிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் எம்டிஎஃப்இ என்ற முதலீட்டு ஆப் கவிழ்ந்தபோது, பங்களாதேஷிலும் நம் நாட்டிலும் காசு போட்டவர்களின் கணக்கில் இருந்த லாபம் மறைந்ததோடு நிற்கவில்லை. கணக்கு மைனஸில் போய், நீங்கள்தான் எங்களுக்குக் கடன் என்று காட்டியது. நம் மத்திய வங்கி அதற்கு முன்பே அந்தப் பெயரைத் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் போட்டிருந்தது. பட்டியலை எத்தனை பேர் பார்த்தார்கள்?

ஆகவே ‘எடுக்க முடிகிறதா’ என்று பார்க்கச் சிறுதொகை போட்டு எடுத்துப் பார்ப்பது போதாது. விற்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும், அதுவும் அவர்களுடைய ஆப்புக்கு வெளியே, நமக்குத் தெரியாத ஒருவருக்கு. 2021 அக்டோபர் கடைசியில் ஒரு பிரபல கொரியத் தொடரின் பெயரை வைத்து ‘ஸ்குவிட்’ என்ற டோக்கன், அதுவும் ஒரு கிரிப்டோ நாணயம்தான், வந்தது. சதக்கணக்கில் இருந்த விலை சில நாளில் 2,800 டொலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் விற்கப் போனபோது விற்கவே முடியவில்லை. செய்தவர்கள் சுமார் 33 லட்சம் டொலரை எடுத்துக்கொண்டு போனார்கள், விலை ஒரே நாளில் பூச்சியத்துக்கு வந்தது. வரைபடம் மேலே போகிறதே என்று பார்த்தவர்கள், யாராலும் விற்க முடியாததால்தான் அது மேலே போகிறது என்பதைப் பார்க்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்தான், வேறொரு நாணயத்தில். 2018 தொடக்கத்தில் 40,000 ரூபாய் விட்டேன். வங்கி வேலையில் இருந்த மனுசன்! வீட்டில் இன்னமும் குத்திக் காட்டுவார்கள்.

இதைப் பார்க்க வழி இருக்கிறது. உண்மையான டோக்கன் என்றால் அதற்கு ஒப்பந்த முகவரி என்று நீளமான ஓர் எண் இருக்கும். அதை ஈதர்ஸ்கேன் அல்லது பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் போட்டால் யார் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். இரண்டு மூன்று வாலெட்டுகளிலேயே (நாணயம் வைக்கிற டிஜிட்டல் கணக்குகளிலேயே) முக்கால்வாசி இருந்தால் அவர்கள் விற்கிற நாளில் உங்களுடையது காகிதம். வாங்குவது மட்டும் நடந்து விற்பது நடக்காமல் இருந்தால் பொறி. நினைத்தபோது புதிதாக அச்சடிக்க உரிமையாளருக்கு அனுமதி இருக்கிறதா, சந்தைக்கென ஒதுக்கிய காசு அவர்கள் எடுத்துக்கொண்டு ஓட முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு பார்க்கலாம். ஆனால் முதலில் அந்த முகவரியைக் கேளுங்கள். ‘அது பிறகு வரும்’ என்றால் அங்கே நாணயமே இல்லை. வன்கொயின் என்று 2014இல் ஒன்று கிளம்பியது. 2016இல் லண்டன் வெம்பிளி அரங்கில் ஒளியும் வாணவேடிக்கையுமாகக் கூட்டம் நடத்தினார்கள். உலகம் முழுக்கப் பல நூறு கோடி டொலர் சேர்த்தார்கள். பின்னால் பிளாக்செயினே, அதாவது நாணயம் கைமாறுவதை எழுதிவைக்கும் பொதுப் பதிவேடே, இருக்கவில்லை. அதன் தலைவி ருஜா இக்னாதோவா 2017 அக்டோபரில் காணாமல் போனவர். ஹட்டன் மண்டபத்தில் என்ன குளிர்பானம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, மற்றபடி வெம்பிளியும் அதே கூட்டம்தான்.

ஒயிட் பேப்பரில் ‘எங்கள் குழு’ என்று சிரித்த முகங்கள் இருக்குமே, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். 2018இல் மிரோஸ்கி என்ற திட்டம் தன் வரைகலைஞர் என்று போட்டிருந்த படம் ஹொலிவூட் நடிகர் ரையன் கோஸ்லிங்குடையது. அப்படியிருந்தும் காசு சேர்ந்தது. அமெரிக்காவில் சென்ட்ரா டெக் என்ற கிரிப்டோ நிறுவனம் 2017இல் குத்துச்சண்டை வீரர் ஃபிளொய்ட் மேவெதரை விளம்பரத்துக்குப் பிடித்து இரண்டரைக் கோடி டொலருக்கு மேல் சேர்த்தது. அதன் தலைமை அதிகாரி என்று காட்டியவர் பிறக்கவே இல்லாத ஆள்.

எல்லா முன்விற்பனையும் களவு என்று நான் சொல்லவரவில்லை. ஈதர் நாணயமும் 2014இல் இப்படி முன்கூட்டி விற்கப்பட்டதுதான். செய்தவர்கள் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு நின்றார்கள், நிரலை எவரும் வாசிக்கத் திறந்து வைத்தார்கள். மாதம் 12 வீதம் தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. வட்டி வாக்குக் கொடுக்கிற நாணயம் என்றாலே நான் எழுந்து போய்விடுவேன்.

இனிச் சட்டம். கம்பனிப் பதிவுச் சான்றிதழ் பெரிய விசயமில்லை. சலூன் தொடங்கவும் டியூஷன் வகுப்பு தொடங்கவும் அதே தாள்தான். பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் உரிமம் வேண்டும், அது வேறு. மெய்நிகர் நாணயம் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டத்துக்கும், முன்விற்பனை உட்பட, தான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் அதற்குக் காசு கட்டவும் 2021இன் அந்நியச் செலாவணிப் பணிப்புரை இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கார்டு கேட்டிருக்கமாட்டார்கள். யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் காசைப் போடச் சொல்லி, சீட்டில் ‘கடன்’ என்றோ ‘வீட்டுச் செலவு’ என்றோ எழுதச் சொல்லியிருப்பார்கள். 25,000 கட்டிய சீட்டை எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது சரியா என்று.

ஆள் சேர்த்தால் 10 வீதம் என்பது இன்னும் பாரதூரமானது. இப்படி ஆள் சேர்ப்பதை வைத்து ஓடும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. தொடங்கியவரை மட்டுமில்லை, ஊக்குவித்தவரையும் அது பிடிக்கும், சிறைத்தண்டனை உண்டு. நாளைக்குப் பொலிசுக்குப் போகிறவர்கள் மேடையில் பேசியவரைத் தேடமாட்டார்கள், அவர் எங்கே என்று யாருக்குத் தெரியும்? லயத்துக்குப் பின்னால் இருக்கிற அண்ணனைத்தான் தேடிவருவார்கள். அவருடன் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவரும் நம்பித்தான் நிற்கிறார். ‘உங்கள் பெயரில் இன்னும் ஒருவரையும் சேர்க்காதீர்கள்’ என்று மட்டும் கேளுங்கள். தோட்டத்தில் யாரும் இணையத்தை நம்பிக் காசு போடுவதில்லை, சொந்தக்காரர் முகத்தை நம்பித்தான் போடுகிறோம். அந்த முகத்தை வாடகைக்கு எடுக்கத்தான் இந்த 10 வீதம்.

உங்கள் 25,000 பற்றி: சீட்டு, வாட்ஸ்அப் குரூப் செய்திகள், கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள், குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்பே. காசு போட்ட வங்கிக் கிளைக்கு உடனே போய் எழுத்தில் சொல்லுங்கள். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் அழைக்கலாம். பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள். திரும்பி வருமா? வராமல் போக வாய்ப்பு அதிகம். ‘எடுக்கவேண்டுமானால் முதலில் வரி 15,000 கட்டுங்கள்’ என்று அவர்கள் சொன்னாலோ, ‘இழந்த காசை மீட்டுத் தருகிறோம்’ என்று வேறொருவர் அழைத்தாலோ ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகும் சரக்குத்தான்.

அம்மாவின் 9 லட்சத்துக்குப் பெரிய யோசனை வேண்டாம். வீட்டில் அடகில் நகை இருந்தால் அதை முதலில் மீட்டுவிடுங்கள். மிச்சப்படும் அடகு வட்டியைவிட நிச்சயமான லாபம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பங்கை அவசரத்துக்குச் சேமிப்பில் விட்டு, மற்றதை உரிமம் பெற்ற வங்கியில் நிலையான வைப்பாக, அம்மாவின் பெயரிலேயே போடுங்கள். வங்கிக்கு ஏதும் ஆனால் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. அம்மாவின் தொகை அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொரு சின்ன வேலை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2018இல் ஹவிகொயின்ஸ் என்று ஒரு போலி நாணயத் தளத்தைத் தானே செய்து வைத்தது, மக்கள் பழகிப்பார்க்க. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், பிரபலங்களின் பாராட்டு, அழகான ஒயிட் பேப்பர் எல்லாம் இருந்தது. வாங்கும் பொத்தானை அமுக்கினால் ‘இப்படித்தான் ஏமாற்றுவார்கள்’ என்ற பக்கம் வந்தது. அதைத் தேடிப்பார்த்து, ஹட்டன் கூட்டத்தில் கிடைத்த தாளைப் பக்கத்தில் வைத்து அண்ணனுக்கும் காட்டுங்கள்.

அப்புறம், ஞாயிறு கடைசி நாள் என்றார்களே. திங்கட்கிழமை காலை அந்தக் குரூப்பைப் பாருங்கள். பெருந்தொகை ஆதரவு கிடைத்ததால் முன்விற்பனையை இன்னும் 10 நாள் நீடித்திருக்கிறோம் என்று ஒரு செய்தி இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.