பள்ளியிலேயே குற்றவியல் படிக்கலாமா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் குற்றவியல் நீதியை விருப்பப் பாடமாக எடுக்க நினைக்கிறேன். எடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: பாடம் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். காவல், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி நடக்கின்றன என்பது பதினாறு வயதிலேயே தெரிந்துவிட்டால், பிடிக்காதவர்கள் அப்போதே விலகிக்கொள்ளலாம். கல்லூரியில் மூன்று வருஷம் போன பிறகு விலகுவதுதான் கஷ்டம். ஒரே நிபந்தனை: இதற்காகக் கணக்கையோ அறிவியலையோ கைவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆசிரியர் வாராவாரம் சம்பவ அறிக்கை எழுதச் சொல்கிறார். அலுப்பாக இருக்கிறது. இது எதற்கு?

பதில்: உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம். இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் வேலையில் பெரும்பங்கு எழுத்துதான் என்பார்கள்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன். பாடம் நடக்கும்போது ஒருவர் உள்ளே வந்து, மேஜைமேல் இருக்கும் நீலப் பையை எடுத்துக்கொண்டு போவார். உடனே எல்லோரும் பார்த்ததை எழுத வேண்டும். பாதிப்பேர் 'பையைத் திருடிக்கொண்டு ஓடினார்' என்று எழுதுவார்கள். அவர் ஓடவில்லை, நடந்துதான் போனார். திருட்டா என்பதும் தெரியாது. பை அவருடையதாகவே இருக்கலாம். ஒருமுறை ஒரு மாணவி, 'வலது கையால் எடுத்தார். கதவைச் சாத்தவில்லை. முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று மூன்றே வரி எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த 'ஓடினார்' என்ற சொல்லைத்தான்.

ஒரு சொல் நினைவையே மாற்றிவிடும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, 'இடித்தபோது என்ன வேகம்?' என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?' என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்றதற்கு முதல் வகையில் 50 பேரில் 7 பேர், இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேர் 'ஆமாம்' என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அதனால் அலுக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: தடயவியல் நிபுணர் ஆக ஆசை. குற்றவியல் பாடம் போதுமா?

பதில்: போதாது. வேதியியலும் உயிரியலும்தான் அதற்கு வாசல், அப்புறம் புள்ளியியல். ஆய்வகத்தில் உட்காருபவர் முதலில் விஞ்ஞானி. டிஎன்ஏ வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை அலெக் ஜெஃப்ரீஸ் என்ற மரபியல் விஞ்ஞானி 1984-இல் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இரண்டு சிறுமிகள் கொலையான வழக்கில் அது முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரு கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையனைக் குற்றமற்றவன் என்று காட்டியது. உண்மைக் குற்றவாளிக்கு 1988-இல்தான் தண்டனை கிடைத்தது. பிடிப்பதற்கு மட்டுமல்ல, தவறாகப் பிடித்தவரை விடுவிக்கவும்தான் இந்தப் படிப்பு.

கேள்வி: என் மகள் போலீஸ் ஆக வேண்டும் என்கிறாள். இப்போது என்ன செய்யச் சொல்லலாம்?

பதில்: தினமும் ஓடச் சொல்லுங்கள். பெரும்பாலும் உடல்தகுதித் தேர்வும் பின்னணி விசாரணையும் இருக்கும். இணையத்தில் கோபத்தில் போட்ட ஒரு பதிவும் பின்னால் கேள்வியாக வரலாம், அதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் இந்தத் துறை பிடிக்கிறது. எனக்கு இடம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, 1841-இல் குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவருக்குத் தானே ஜாமீன் நின்று அவரைத் திருத்திக் காட்டினார். குற்றம் செய்தவரைச் சிறைக்கு வெளியே கண்காணித்துத் திருத்தும் இன்றைய நன்னடத்தை அலுவலர் பணியின் தொடக்கம் அதுதான். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பது, நீதிமன்ற மொழிபெயர்ப்பு, சிறைக்குள் பாடம் நடத்துவது எல்லாமே இந்தத் துறைதான்.

கேள்வி: விடுமுறையில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: நீதிமன்றத்துக்குப் போங்கள். சிறார் வழக்குகள் போலச் சிலவற்றைத் தவிர, விசாரணை பெரும்பாலும் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கும். செல்போனை அணைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். முதல் நாள் பாதி நேரம் வாய்தாவிலேயே போகும். சலித்துக்கொள்ளாமல் இரண்டாம் நாளும் போங்கள்.