எக்ஸோஸ்கெலிட்டன் மாட்டினால் நடந்துவிடலாமா?

எக்ஸோஸ்கெலிட்டன் என்பது உடலுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும், மோட்டார் பொருத்திய சட்டகம். தண்டுவடக் காயம், பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிசியோதெரபி தருபவன் என்பதால் இதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: விபத்துக்குப் பிறகு தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இதை மாட்டினால் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பானா?

பெரும்பாலும் முடியாது. ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலிட்டனில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் மோட்டார் உண்டு. உடலை முன்னே சாய்த்தால் அதை உணர்ந்து ஓர் அடி எடுத்து வைக்கும். விழாமல் தாங்குவது ஊன்றுகோல் பிடித்த கைகள்தான். 1997 விபத்தில் கைகளின் வலுவையும் இழந்த அமித் கோஃபர், தான் கண்டுபிடித்த ரீவாக்கைத் தானே அணிய முடியாமல் போனது இதனால்தான்! 2014-இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. அதை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தபோதும், பயிற்சி பெற்ற துணையாள் கூடவே இருக்க வேண்டும் என்றது.

கேள்வி: அவன் உயரம் 5 அடி 2 அங்குலம். பொருந்துமா?

ரீவாக் 160 முதல் 190 செ.மீ. உயரத்துக்கானது. இரண்டரை செ.மீ. தானே என்று நினைக்காதீர்கள். மூட்டும் மோட்டாரும் நேராக அமையாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் பட்டை தோலை உரசும். உணர்வற்ற தோல் வலிக்கிறது என்று முறையிடாது. பயிற்சி முடிந்ததும் முழங்கால், கணுக்கால், குதிகால் எல்லாவற்றையும் நான் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் மறுநாள் பயிற்சி கிடையாது. பல ஆண்டுகள் நிற்காத காலில் எலும்பும் மெலிந்திருக்கும். முதலில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: ஜப்பானின் 'ஹால்' எக்ஸோஸ்கெலிட்டன் மனத்தைப் படிக்குமாமே?

விளம்பரக்காரர்களின் கைவண்ணம். சுகுபா பல்கலைக்கழகத்தின் யோஷியுகி சங்காய் உருவாக்கிய கருவி அது. காலை மடக்க முயலும்போது தோலில் தென்படும் மெல்லிய மின்சமிக்ஞையைச் சென்சார் பிடிக்கும். மீதி வேலையை மோட்டார் செய்யும்.

கேள்வி: விலை?

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2024-இல் ரீவாக்குக்கு நிர்ணயித்தது சுமார் 91,000 டாலர். நல்ல சக்கர நாற்காலியும் வாசலில் சாய்தளமும் இல்லாத வீட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: பக்கவாதத்தால் அப்பாவின் வலது கை விழுந்துவிட்டது. ரோபோ பயிற்சிக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் கைக்கான ரோபோ பயிற்சியைச் சோதித்தார்கள். 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடவில்லை. சலிக்காமல் நூறு முறை கையை நீட்டி மடக்க ரோபோ உதவும், உண்மைதான். ஆனால் அது இழுக்க, அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடற்பயிற்சி ரோபோவுக்குத்தான். விரல் கொஞ்சமாவது அசைகிறதா? நாளைக் காலை சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். கால் மணி நேரம் ஆனாலும் நீங்கள் கை வைக்காதீர்கள்.